தரைக்கு நாலு விரல் மேலே

கண்ணாடிக் கடைக்காரரின் நெற்றி தொழுகையில் தரையைத் தொட்டு முப்பது வருடம் ஆகிறது. ஸஜ்தாவுக்குக் குனியும்போது முழங்கால்கள் படும், உள்ளங்கைகள் படும், கால் விரல்கள் ஒழுங்காக மடங்கிப் படும். நெற்றி மட்டும் பாய்க்கு நாலு விரல் மேலே வந்து நின்றுவிடும். அடுத்த தெருத் தச்சர் ஒரு வெள்ளிக்கிழமை டேப்பை வைத்து அளந்து, மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு என்று சொன்னார். பாய்க்கு அடியில் தலையணை வைத்துப் பார்த்தார்கள். நெற்றி தலையணைக்கு மேலே நாலு விரலில் நின்றது. பலகை வைத்தால் பலகைக்கு மேலே நாலு விரல். தொழுகைக்கு வெளியே அவருக்கு எந்தக் கோளாறும் கிடையாது. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன திருகாணியைத் தேடும்போது நெற்றி தாராளமாகத் தரையில் முட்டும். குப்புறப் படுத்தே தூங்குவார். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு நல்ல கழுத்தைத் தான் பார்த்ததில்லை என்று மெச்சி அனுப்பிவிட்டார்.

தெருவில் முதல் வருடம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் வருடம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூன்றாம் வருடம் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. அவருக்கு நாலுவிரல்காரர் என்று பெயர் விழுந்தது, அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஒரு தடவை ஒரு பல்லி அவருடைய நெற்றிக்கும் பாய்க்கும் நடுவே புகுந்து, அந்தப் பக்கம் போய், மறுபடி இந்தப் பக்கம் வந்தது. பின்வரிசையில் இருந்தவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவர்களுடைய தொழுகைதான் முறிந்தது. முடிந்தவரை குனிந்தால் தொழுகை கூடும், இதில் வழக்கு ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஊருக்கு ஒன்றும் இல்லாமல் போனது.

காரணம் கண்ணாடிக்காரருக்கு மட்டும் முதல் நாளே தெரியும். கடை அப்போது அவருடைய அத்தாவின் கையில் இருந்தது. அத்தா அளவெடுத்து வெட்டுவார், மூத்த மகனான இவரும் தம்பியும் தூக்கிக்கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். பெரிய கண்ணாடியை இரண்டு பேர் தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. கதை பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. கை வலித்தாலோ கையுறை வழுக்கினாலோ, பிடியை மாற்றுகிறவர் முதலில் "மாத்துறேன்" என்று சொல்ல வேண்டும். மற்றவர் கால்களை ஊன்றி, எடையை வாங்கிக்கொண்டு, "சரி" என்று சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். தொழுகைக்கு முன்னால் கைகால் முகம் கழுவும் வுளூ எப்படியோ கண்ணாடிக்கு இந்தச் சொல் அப்படி என்று அத்தா சொல்லி வளர்த்திருந்தார். பதினைந்து வருடத்தில் ஒரு நாள்கூட மகன்கள் அதைத் தவறவிட்டதில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து அண்ணன் தம்பியோடு பேசவில்லை. தம்பி கேட்காமல் கொள்ளாமல் அண்ணனுடைய நீலக்கோடு போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் தானாகத் தீர்ந்துபோகிற வகைக் கோபம்தான். ஆனால் கோபம் இருக்கும்வரை வாயைத் திறப்பதில்லை என்பதில் அண்ணன் கறாரானவர். ஒரு துணிக்கடையின் இரண்டாவது மாடிக்கு ஆளைவிட உயரமான நிலைக்கண்ணாடி ஒன்று போக வேண்டியிருந்தது. படிக்கட்டு திரும்பும் இடத்தில் அது திரும்ப மறுத்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டும். அத்தா கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம், என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனுக்குக் கை வழுக்கியது. "மாத்துறேன்" என்று சொன்னால் தம்பியோடு பேசியதாகிவிடும். அவர் சொல்லாமலே பிடியை மாற்றினார். அரை நொடி வேலை. அந்த அரை நொடியில் மொத்த எடையும் தம்பியின் கைக்குப் போனது. கண்ணாடி அவருடைய கையுறையிலிருந்து உருவிக்கொண்டு கீழே போனது.

அத்தா ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா இரண்டு மகன்களையும் பார்த்து, யார் கையிலிருந்து போனது என்று கேட்டார். "என் கையில இருந்துதான்மா" என்றார் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. கடைசியாக அது அவர் கையில்தான் இருந்தது. எடை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தன் கை வியர்த்துத் தான்தான் நழுவவிட்டோம் என்று மனப்பூர்வமாக நம்பினார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். தொண்டை வரை வந்தது. பிறகு, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. மறுநாள் அடக்கம், அதற்கு அடுத்த நாள் வீடு முழுக்க ஆட்கள், அதற்கும் அடுத்த நாள் அதைச் சொல்வது முந்தைய நாளைவிடக் கஷ்டமாக இருந்தது.

அம்மா இளைய மகனைத் திட்டவில்லை, சபிக்கவும் இல்லை. அவருடைய பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் யார் அந்தப் பெயரைச் சொன்னாலும் சத்தம் வராமல் போனது. உதடு அசையும், மூச்சு வரும், பெயர் வராது. மற்ற எல்லாச் சொற்களும் எப்போதும் போலக் கேட்டன. அண்ணனின் மனைவி முதலில் தன் தொண்டையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். வாசற்படியைத் தாண்டித் தெருவில் நின்று சொன்னால் அதே பெயர் கணீரென்று கேட்டது. சாப்பாட்டுக்குக் கூப்பிடக்கூட ஆளில்லாத வீட்டில் எத்தனை நாள்தான் ஒருவர் இருப்பது. தம்பி ஒரு பையில் நான்கு துணிகளை எடுத்துக்கொண்டு ஆறு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ஓர் ஊருக்குப் போய்விட்டார். இனிமேல் உடைகிற எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்து, பஞ்சு மெத்தையும் தலையணையும் தைக்கிற வேலையில் சேர்ந்தார்.

அந்த வருடம் பராஅத் இரவு வந்தது. அடுத்த ஒரு வருடத்துக்கான விதி எழுதப்படும் இரவு, கேட்டவர்களுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு என்ற இரவு. பள்ளிவாசலில் குழல்விளக்குகள் அத்தனையும் எரிந்தன. வருடம் முழுக்கக் கண்ணில் படாதவர்கள்கூட வுளூ செய்துவிட்டு, ஈரக் காலோடு வந்து வரிசையில் நின்றார்கள். கண்ணாடிக்காரர் கேட்பதற்கு நிறைய வைத்திருந்தார். முதல் ஸஜ்தாவில் நெற்றி தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பதாக நினைத்தார். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. அன்று இரவு அவர் நூறு ரக்அத் தொழுதார். இருநூறு ஸஜ்தாவிலும் கண்ணீர் நெற்றியைத் தாண்டிச் சொட்டி, நாலு விரல் தூரம் விழுந்து, பாயில் சத்தம் கேட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த இரவுக்காக அவர் தயாரானது போல ஊரில் வேறு யாரும் தயாரானதில்லை. முந்தைய மூன்று நாளும் நோன்பு பிடிப்பார். அந்த இரவு வருவதற்கு முன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள் அல்லவா, அதிலும் அவர்தான் முதல். தெருவில் ஒரு வீடு விடமாட்டார். தச்சரிடம் கேட்பார், பால்காரரிடம் கேட்பார், குமிழி விழுந்த கண்ணாடியை எப்போதோ தலையில் கட்டிய வாடிக்கையாளர்களை முகவரி தேடிப் போய்க் கேட்பார். "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சிருந்தா மன்னிச்சுக்கங்க" என்பார். அவர்கள் பதறிப்போய், "ஐயோ, நீங்க என்ன செஞ்சீங்க, நீங்கதான் எங்கள மன்னிக்கணும்" என்பார்கள். இப்படி ஊரே அவரை மன்னித்தது. ஆறு மணி நேர பஸ் பயணத்தில் இருந்த ஒருவரிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. அல்லாஹ்விடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியாகிவிட்டது, அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். நெற்றி அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை.

பதினேழாம் வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். கடைசி நாள் மாலை மூத்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை. தண்ணீர் வேண்டும் என்றால் தண்ணீர் என்று கேட்கும், வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று கேட்கும். அந்த வீட்டில் சத்தம் வராத சொல் ஒன்றுதான். அம்மா யாரைக் கூப்பிடுகிறார் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது. அப்போதாவது குனிந்து அம்மாவின் காதில் சொல்லியிருக்கலாம். இவ்வளவு பாரத்தோடு கடைசி நேரத்தில் அம்மாவை அனுப்புவதா என்று யோசித்தார். அதுவும் தனக்காக யோசித்ததுதான் என்பதை ஒத்துக்கொள்ள அவருக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

தகவல் கிடைத்துத் தம்பி வந்து சேர்ந்தபோது அம்மாவைக் கபன் துணியில் சுற்றி, முகத்தை மூடியிருந்தார்கள். திறந்து பார்க்கச் சொன்னார்கள். எனக்கு அந்த உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கடைசி வரிசையில் போய் நின்றார். அடக்கத்துக்கு முன் தொழும் ஜனாஸாத் தொழுகையில் ஸஜ்தா கிடையாது. அதனால் அன்றைக்கு அண்ணனும் தம்பியும் மற்ற எல்லாரையும் போல நின்று தொழுதார்கள், யாரும் எதையும் கவனிக்கவில்லை. மண் போட்டு முடித்ததும் தம்பி அண்ணனின் கையைப் பிடித்து, "அம்மாவைக் கடைசி வரைக்கும் நல்லா பாத்துக்கிட்ட, அண்ணே" என்று சொல்லிவிட்டு, மாலை பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்குவது குறைந்தது.

இரண்டு வருடம் கழித்து, பராஅத்துக்கு முந்தைய நாள், வழக்கம்போல மன்னிப்புக் கேட்கும் வரிசையில் அவர் ஹஜ்ரத்தின் அறைக்கும் போனார். ஹஜ்ரத் பேன் காற்றில் தாடியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்தீர்கள், யாருக்குச் செய்தீர்கள் என்று அவர் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. "அல்லாஹ்வுக்குச் செஞ்சத அல்லாஹ்கிட்ட கேளுங்க. மனுஷனுக்குச் செஞ்சத அந்த மனுஷன்கிட்டயே போய்த்தான் கேக்கணும். அதுல அல்லாஹ்கூட நடுவுல வரமாட்டான்" என்றார்.

"அந்த மனுஷன் ரொம்ப தூரத்துல இருக்கான், ஹஜ்ரத்."

"பஸ்ஸு போகுதுல்ல?"

மறுநாள் விடிந்ததும் கண்ணாடிக்காரர் பஸ் ஏறினார். மெத்தைக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தபோது அந்தி மஃரிபுக்கு பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைக்குப் பின்னால் ஓர் அறை. சுவரோரம் பஞ்சு மூட்டைகள், தைத்து முடித்த தலையணைகள் கூரை வரை. அங்கேதான் தம்பி குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணனைப் பார்த்ததும் தலைமுடியிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "வாண்ணே, தொழுதுட்டு வந்துர்றேன்" என்று பாயை விரித்தார். பாயின் தலைமாட்டில் வட்டமாக ஒரு பகுதி வெட்டப்பட்டிருந்தது, அதற்குக் கீழே சிமெண்டுத் தரையில் ஒரு குழி. தம்பி ஸஜ்தாவுக்குப் போனார். அவருடைய நெற்றி தரை மட்டத்தில் நிற்கவில்லை, குழிக்குள் இறங்கியது. எழுந்திருக்கும்போது இரண்டு கைகளையும் ஊன்றி, தன் தலையைத் தானே பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது.

இது மூன்றாவது அறை என்று அவர் பிறகு சொன்னார். முதல் வீட்டுக்காரர் தரையைக் கெடுத்துவிட்டதாகக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இரண்டாவது அறை மாடியில் இருந்தது, கீழ்வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்கள். "அத்தா போனதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். நெத்தி தானா உள்ள போகுது. அவ்ளோ கனம் இருக்கு போல" என்று வெகு இயல்பாகச் சொன்னார், தன் செருப்பின் அளவைச் சொல்வது போல. கண்ணாடிக்காரர் குனிந்து குழிக்குள் கையை நிறுத்திப் பார்த்தார். சரியாக நாலு விரல். அப்படியே பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். வரும் வழியில் ஆறு மணி நேரமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன.

"அன்னிக்கு நான் பிடி மாத்தினேன். சொல்லாம மாத்தினேன்" என்றார்.

தம்பிக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த ஊசியைத் தலையணையில் குத்தி வைத்தார். "ஏன் சொல்லல?"

"உன்கூட அன்னிக்குப் பேசல."

"எதுக்கு?"

"என் சட்டைய எடுத்துப் போட்டிருந்த."

"எந்தச் சட்டை?"

கண்ணாடிக்காரர் சொன்னார். தம்பிக்கு அந்தச் சட்டை ஞாபகம் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தும் வரவில்லை. பிறகு, "அம்மாகிட்ட சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்று அண்ணன் தலையாட்டினார். "கடைசி வரைக்குமா?" கடைசி வரைக்கும். "அம்மா கடைசியா எதாவது சொன்னாங்களா?"

"உன் பேரைச் சொன்னாங்க. ரெண்டு தடவ. சத்தம் வரல."

தம்பி அடிக்கவில்லை, கத்தவில்லை. ஊசியைத் திரும்ப எடுத்து, பாதியில் நின்ற தலையணையின் வாயைத் தைத்து முடித்தார். நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். இரவு இஷாவுக்கு பாங்கு கேட்டது. "நீ போய்த் தொழு. நான் வரல. பத்தொன்பது வருஷமா எதுக்கு அழுதனோ அது என்னுது இல்லையாம். இன்னிக்கு எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அதே நேரம் ஆறு மணி நேரத்துக்கு அப்பால், கண்ணாடிக்காரரின் மனைவி சமையலறையில் மகளிடம், அத்தா யாரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று கொழுந்தனின் பெயரோடு சொல்லிக்கொண்டிருந்தார். பெயர் சத்தமாகக் கேட்டது. சந்தேகம் தீர இன்னும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்து பதினாறு வயதான மகள், "சித்தப்பா பேரு நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

கண்ணாடிக்காரர் அந்த ஊர்ப் பள்ளிவாசலில் இரவெல்லாம் தொழுதார். உண்மையைச் சொல்லியாகிவிட்டது, இனி இறங்கிவிடும் என்று அவர் நம்பியதில் தவறில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள். நெற்றி அதே நாலு விரலில் நின்றது. பழக்கமில்லாத ஊர் ஆட்கள் முதல் ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவரவர் பாவம் அவரவருக்கு நினைவு வந்து குனிந்துகொண்டார்கள். விடிகாலை சுபுஹுத் தொழுகைக்குப் பிறகு அறைக்குத் திரும்பியபோது தம்பி பாயில் உட்கார்ந்திருந்தார். அவரும் தூங்கவில்லை. இரவில் மனசு கேட்காமல் இரண்டு ரக்அத் தொழுது பார்த்திருக்கிறார். நெற்றி குழிக்குள் இறங்கவில்லை. சரி என்று பாயைச் சமதரைக்கு மாற்றிப்போட்டுக் குனிந்திருக்கிறார். அங்கே தரைக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.

மனதில் பகை வைத்திருப்பவருக்கு அந்த இரவிலும் கதவு திறக்காது என்பது அண்ணன் தம்பி இருவரும் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததுதான். "செய்யாத தப்புக்கு இவ்ளோ வருஷம் அழுதேன்" என்றார் தம்பி. "இப்ப நெஜமாவே ஒண்ணு வந்திருச்சு. உன்ன மன்னிக்க முடியல, அண்ணே. அடக்கத்தப்ப முகத்தத் தொறந்து பாக்கச் சொன்னாங்க. நீ அங்கதான நின்ன." அதோடு நிறுத்திவிட்டார். அண்ணன் எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

ஊருக்குத் திரும்பிய கண்ணாடிக்காரர் அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னார். தெரு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதன் பிறகு ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது, அவரைக் கூப்பிடாமல் முடியவில்லை, பேச்சு திரும்ப வந்துவிட்டது. இவ்வளவு சொல்லியும் நெற்றி இறங்கவில்லையே என்று சிலருக்கு மட்டும் ஏமாற்றம். மெத்தைக்காரரான தம்பியின் அறைக் குழியை ஒரு கொத்தனார் வந்து கால் மணி நேரத்தில் பூசிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பராஅத்துக்கும் கண்ணாடிக்காரர் பஸ் ஏறி அங்கே போனார். போய் நின்றதும் கேட்க மாட்டார், தம்பியே சொல்லிவிடுவார். "இன்னும் வரலண்ணே" என்பார். இவர் தலையாட்டுவார். இருவரும் அந்த அறையில் ஆளுக்கொரு மூலையில் விடியும்வரை தொழுவார்கள், இரண்டு நெற்றிக்கும் தரை எட்டாமல். இப்படி ஆறு வருடம் போனது. மன்னிக்க வேண்டும் என்று தம்பி அல்லாஹ்விடம் கேட்காத நாள் இல்லை. கேட்டதும் அம்மாவின் மூடிய முகம் நினைவுக்கு வரும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். யாரையும் வெறுக்கத் தெரியாத மனிதருக்கு வெறுப்பு வந்து சேர்ந்தால் அவர் படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஏழாம் வருடம் கண்ணாடிக்காரர் வந்து இறங்கியபோது ஆள் இளைத்துப்போயிருந்தார். மூட்டுவலி, குனிந்தால் எழுந்திருக்கத் தெருவையே கூப்பிட வேண்டும். தம்பி வழக்கம்போலச் சொன்னார், இவர் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுத் தன் மூலைக்குப் போனார். நடுநிசி தாண்டி, தம்பி சலாம் கொடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். அண்ணன் ஸஜ்தாவில் இருந்தார். நீளமான ஸஜ்தா. படுவதற்கு இடம் இல்லாத நெற்றி அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இருபத்தாறு வருடமாக இந்த ஆள் தலையை எங்கும் இறக்கிவைக்காமல் தூக்கிப் பிடித்தபடியேதான் அழுதிருக்கிறார் என்று அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது. அவர் எழுந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, தன் வலது கையைப் பக்கவாட்டில் நிறுத்தி அந்த நெற்றிக்கும் பாய்க்கும் நடுவே வைத்தார். தலையணைக்கும் பலகைக்கும் மேலே போய் நின்ற நெற்றி கைக்கு மேலே போகவில்லை. கையின்மேல் இறங்கி உட்கார்ந்தது.

தம்பி அந்தத் தலையின் எடையைத் தன் விரல்களில் உணர்ந்தார். கண்ணீர் இந்தத் தடவை எங்கும் விழாமல் அவர் விரல்களுக்கு நடுவே இறங்கியது. கண்ணாடிக்காரர் அந்த ஸஜ்தாவிலிருந்து வெகுநேரம் எழவில்லை. எழுந்து சலாம் கொடுத்ததும் தம்பியின் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. தம்பியும், மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, ஏனென்றால் உள்ளே தேடிப் பார்த்தபோது அந்தச் சொல் இன்னும் அங்கே இல்லை. "எனக்கும் கொஞ்சம் வைண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயில் போய் நின்றார்.

அண்ணன் வைத்தார்.

ஒருவர் கைமேல் இன்னொருவர் ஸஜ்தா செய்தால் தொழுகை கூடுமா என்று மறு வாரம் ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். அவர் இரண்டு கிதாபைப் புரட்டிப் பார்த்து, இப்படி ஒரு கேள்வியை யாரும் இதுவரை கேட்கவில்லை போலிருக்கிறது என்று மூடி வைத்தார். ஒரே நேரத்தில் இருவரும் தொழ முடியாது, முறை வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. அப்படியே நடக்கிறது. அந்த இரவு மற்றவர்கள் நூறு ரக்அத் தொழும்போது இவர்களால் ஆளுக்கு ஐம்பதுக்கு மேல் முடிவதில்லை. மெத்தைக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும். மறுநாள் காலை அவர்கள் கடைப் பக்கம் வருவதில்லை, ஏனென்றால் கை மரத்துப்போன மனிதருக்கு மத்தியானம்வரை ஊசி பிடிக்க வராது.